ஆய்வில் சேராத வீடு

பல்கலைக்கழகத்து வேன் கீழநடுவலூருக்குள் நுழைந்த அன்று, ஆற்றுப் பாலத்திலிருந்து ரேஷன் கடை வரைக்கும் ரோட்டில் பாதியை நெல் பிடித்துக்கொண்டிருந்தது. குறுவை அறுப்பு முடிந்து ஊரே நெல்லைக் காயவைத்துக்கொண்டிருந்த நேரம். புரட்டாசி கடைசி. காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும்; மதியத்துக்கு மேல் கிழக்கே கறுத்துக்கொண்டு வரும். ஈரம் கூடிப்போன நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எந்தத் தராசிலும் ஏற்றமாட்டார்கள். அதனால் வெயில் கிடைக்கிற நேரத்தில் காயவைத்து அள்ளிவிட வேண்டும் என்று தெருச் சனம் முழுவதும் ரோட்டிலேயே நின்றது.

செந்தாமரை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு கால்களையும் நெல்லுக்குள் இழுத்து இழுத்து நடந்து சால் போட்டுக்கொண்டிருந்தாள். அடியில் கிடக்கிற ஈர நெல் மேலே வர அதுதான் வழி. தார் சூடும் நெல் சுணையும் சேர்ந்து முழங்கால் வரை அரித்தது. வேன் அவளுக்குப் பின்னால் வந்து நின்றது. முன் கதவைத் திறந்துகொண்டு கண்ணாடி போட்ட ஒரு பெண் இறங்கினாள்.

"நெல்லு மேல ஏத்தாதீங்கண்ணே, இங்கயே நிக்கட்டும்" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு, செந்தாமரையிடம் வந்தாள். "அக்கா, நூலகக் கட்டடம் எங்கக்கா இருக்கு?"

"நேராப் போங்க. ரேஷன் கடைக்குப் பின்னால. பூட்டிக் கெடக்கும், தலைவர் வீட்ல சாவி கேளுங்க."

"சாவி வாங்கிட்டோம்க்கா. என் பேரு குந்தவை. உங்க வீட்டுக்கும் வருவோம். பிள்ளைங்க இருக்காங்கல்ல?"

"இருக்குதுங்க" என்றாள் செந்தாமரை. உடனே அடுத்த சாலுக்குத் திரும்பினாள்.

வேனில் வந்தவர்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்பதைப் பக்கத்து வீட்டுத் தங்கமணி சாயங்காலத்துக்குள் விசாரித்துவிட்டாள். உளவியல் துறையாம். ஒரே வீட்டில் வளர்கிற அக்கா தங்கச்சி, அண்ணன் தம்பி எப்படிப் பழகுகிறார்கள், எதற்குச் சண்டை போடுகிறார்கள், எப்படிச் சமாதானம் ஆகிறார்கள் என்று ஆராய்ச்சி பண்ணுகிறார்களாம். வீட்டுக்கு வந்து பெற்றவர்களிடம் கேள்வி கேட்பார்களாம். அப்புறம் பிள்ளைகளை நூலகத்துக்குக் கூப்பிட்டு, மரக்கட்டைகளைக் கொடுத்து ஏதாவது சேர்ந்து கட்டச் சொல்லி, அதைப் படம் எடுப்பார்களாம்.

"எங்க வீட்டு ரெண்டு பயலுவளயும் கட்டையோட உட்டா என்னா ஆவும்?" என்று தங்கமணி சிரித்தாள். "ஒருத்தன் மண்டய ஒருத்தன் ஒடச்சிருவான். அதயும் எழுதிக்குவாவளாம். ஒங்க வீட்டுக்கும் வருவாங்கல்ல தாமரை?"

"வரட்டும்" என்றாள் செந்தாமரை.

அவளுக்கு யாரும் வந்து கேட்பதில் விருப்பமில்லை. கேட்டால் சொல்வதற்கு நல்லதாக ஒன்றும் இல்லை.

அவள் புருஷன் இராஜாங்கத்தின் முதல் மனைவி அம்சவல்லி சிறுநீரகம் கெட்டுப்போய் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. அவளுக்குப் பிறந்தவள் சுடர்விழி, எட்டாம் வகுப்பு. செந்தாமரையின் முதல் புருஷன் கொத்தனார். கட்டட வேலையில் சாரம் சரிந்ததில் இறந்துபோனான். அவனுக்கும் அவளுக்கும் பிறந்தவள் மகிழினி, நாலாம் வகுப்பு. போன வருஷம் ஆவணியில், அதிகம் பேரைக் கூப்பிடாமல், இராஜாங்கமும் செந்தாமரையும் கல்யாணம் செய்துகொண்டார்கள். இராஜாங்கத்தின் அப்பா பண்ணையில் கூலிக்கு நடவு பார்த்தவர். இராஜாங்கம் இப்போது குத்தகைக்கு நிலம் பிடித்துச் சொந்தமாகச் சாகுபடி செய்கிறவன். பேச்சு குறைவு. வயலில் நிற்கிற நேரம்தான் அதிகம்.

மகிழினி வந்த முதல் வாரமே இராஜாங்கத்தை "அப்பா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். சுடர்விழியை "அக்கா, அக்கா" என்று பின்னாலேயே சுற்றினாள். சுடர்விழி திரும்பிப் பார்க்கமாட்டாள். மகிழினிக்கு அவள் வைத்திருந்த பேர் 'அது'. செந்தாமரைக்கு அந்தப் பேர்கூட இல்லை. "சித்தின்னு கூப்புடும்மா" என்று இராஜாங்கம் ஒரு தடவை சொன்னான். சுடர்விழி அன்றைக்குச் சாப்பிடவில்லை. அதோடு அவனும் விட்டுவிட்டான். தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு கொல்லைப் பக்கத்துப் படியில் போய்த் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவது அவள் வழக்கமாகிப் போனது.

அதையெல்லாம் செந்தாமரை பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது ஆவணி மாதக் கடைசியில். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகிழினி டீச்சர் விளையாட்டு விளையாட, டிரங்குப் பெட்டியைத் திறந்து உள்ளேயிருந்த ஒரு மாம்பழக் கலர் சேலையை எடுத்துச் சுற்றிக்கொண்டாள். அது அம்சவல்லியின் சேலை. சுடர்விழி உள்ளே வந்தாள், பார்த்தாள், பிடித்துத் தள்ளினாள். சேலை காலைத் தடுக்க, மகிழினி வாசற்படி விளிம்பில் போய் விழுந்தாள். புருவத்துக்கு மேலே தையல் போட வேண்டியதாயிற்று.

செந்தாமரை யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, இரத்தம் பட்ட சேலையைத் தானே அலசி, நிழலில் உலர்த்தி, மடித்து மறுபடி பெட்டியில் வைத்தாள். மறுநாள் தரங்கம்பாடியிலிருக்கிற தன் அக்கா பூவம்மாளுக்குப் போன் பண்ணினாள். பூவம்மாளுக்குப் பிள்ளை இல்லை. புருஷனோடு கருவாட்டு வியாபாரம்.

"அனுப்பிச்சுவுடு. எங்க பள்ளியோடத்துல சேத்துக்கறோம்" என்றாள் பூவம்மாள். "தீவாளி முடிஞ்சு கொண்டாந்து உடு."

இராஜாங்கத்திடம் சொன்னபோது அவன் வரப்பு வெட்டிவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தான்.

"அவசரப்படாத தாமரை. போவப் போவச் சரியாப் போயிரும்."

"ஒரு வருசம் போயிருச்சுங்க. எம்புள்ளைக்கு அங்க ஒரு கொறையும் இருக்காது. ஒங்க பொண்ணுக்கும் வீடு வீடா இருக்கும். ரெண்டும் இப்புடி அறுத்துக்கிட்டுக் கெடக்க வேணாம்."

"ஒன்னால இருக்க முடியுமா?"

அவள் அவனுக்குத் துண்டை எடுத்து நீட்டினாள். அவன் திரும்பக் கேட்கவில்லை. முடிவானது என்று இருவரும் எடுத்துக்கொண்டார்கள்.

குந்தவை அவர்கள் வீட்டுக்கு வந்தது வேன் வந்த மறுநாள் சாயங்காலம். கூட ஃபஹத் என்று ஒரு பையன். கூத்தாநல்லூர்க்காரன், குந்தவையோடு படிக்கிறவன், கேமரா அவன் பொறுப்பு. செந்தாமரை அடுப்பில் வாய்க்கால் கெண்டைக் குழம்பைக் கொதிக்கவிட்டு வந்து பாயை விரித்தாள். இராஜாங்கம் சுவரோரம் உட்கார்ந்தான். மகிழினி அவன் முதுகில் சாய்ந்துகொண்டு கேமராப் பையையே பார்த்தாள்.

"குழம்பு வாசம் தூக்குதுக்கா" என்றான் ஃபஹத்.

"சாப்ட்டுப் போங்க தம்பி. ரெண்டு வாய்தான்."

"மொதல்ல வேலையை முடிச்சிடறோம்க்கா" என்று குந்தவை சிரித்தாள். "பெரியவங்க சுடர்விழி, சின்னவங்க மகிழினி. ரெண்டு பேரும் உங்களுக்குப் பிறந்தவங்கதானேக்கா?"

செந்தாமரை இராஜாங்கத்தைப் பார்த்தாள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்தைச் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் குந்தவையின் பேனா நின்றுவிட்டது.

"மன்னிச்சுக்கங்கண்ணே. எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்" என்றாள். அவள் குரலில் உண்மையான சங்கடம் இருந்தது. "இந்த ஆய்வுல, சின்னது பிறந்ததுலேருந்து ஒண்ணா வளர்ந்த, கூடப்பிறந்த பிள்ளைங்களை மட்டும்தான் சேர்க்கிறோம். அதனால..."

"பரவால்லங்க மேடம்" என்றாள் செந்தாமரை அவசரமாக. அவளுக்கு ஒரு பக்கம் நிம்மதி. இன்னொரு பக்கம், தெருவில் இரண்டு பிள்ளை இருக்கிற வீடுகளில் தன் வீடு மட்டும் விடுபடுகிறதே என்று முகம் சுண்டியது.

"அப்ப நாங்க கட்டை வச்சுக் கட்ட வேணாமா?" என்று மகிழினி கேட்டாள்.

யாரும் பதில் சொல்வதற்கு முன்னால் உள் அறையிலிருந்து சுடர்விழியின் குரல் வந்தது. "அது ஒண்ணும் என் தங்கச்சி இல்ல. நல்லா எழுதிக்கங்க."

இராஜாங்கம் எழுந்து வெளியே போய்விட்டான். குந்தவையும் ஃபஹத்தும் குழம்புச் சோற்றைச் சாப்பிடாமல் கிளம்ப முடியவில்லை, செந்தாமரை விடவில்லை. தட்டில் பெரிய துண்டாகப் பார்த்துப் போட்டாள். சாப்பிட்டார்கள், நல்லா இருக்கு என்றார்கள், போனார்கள்.

மறுநாள் மதியம் நூலகத்து வாசலில் ஒரு பெண் சீருடையோடு வந்து நின்றாள். பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு மணி அடித்த நேரம். குந்தவை உள்ளே கட்டைகளை அடுக்கிவைத்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து எங்க வீட்டுக்கு வந்தது நீங்கதான?"

"ஆமா. சுடர்விழிதானே? உள்ள வா."

அவள் உள்ளே வரவில்லை. "எங்க வீட்ல அக்கா தங்கச்சியே கெடையாதுன்னு சொன்னீங்களா?"

"அப்படிச் சொல்லலம்மா. எங்க ஆய்வுல..."

"தங்கமணி அத்த வீட்டு வளவன் எல்லார்ட்டயும் சொல்லிட்டுத் திரியிறான். 'யூனிவர்சிட்டியிலேர்ந்தே வந்து சொல்லிட்டாங்க, அவங்க ரெண்டும் அக்கா தங்கச்சி கெடையாதாம், வேற வேற வீட்டுதாம்'னு. அது சோறு திங்காம பெஞ்சுல மூஞ்சியக் கவுத்துக்கிட்டு உக்காந்திருக்கு."

"எது?"

"அதுதான். மகிழினி."

குந்தவை கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தாள். "நேத்து நீயேதானே உள்ளேருந்து சொன்ன, தங்கச்சி இல்லன்னு."

"நான் சொல்லுவேன்" என்றாள் சுடர்விழி. மூக்கு விடைத்திருந்தது. "எங்க வீடு. நான் சொல்லுவேன். நீங்க எப்புடிச் சொல்லலாம்?"

ஃபஹத் சிரிப்பை மறைக்க அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். குந்தவை சிரிக்கவில்லை. வெளியே வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். கொஞ்சம் இடம் விட்டுச் சுடர்விழியும் உட்கார்ந்தாள்.

"உங்களைக் கம்மியா நெனச்சு விடல. சின்ன வயசிலேருந்து ஒண்ணா வளர்ந்தா பிள்ளைங்க எப்படிப் பழகுறாங்கன்னு பார்க்கிறோம். அதுல எல்லாரையும் கலந்துட்டா, எதனால எது வந்துச்சுன்னு சொல்ல முடியாமப் போயிடும். அதுக்குத்தான் இந்த விதி."

"அப்ப எங்கள மாரி இருக்கறவங்கள யாரு பாப்பாங்க?"

குந்தவை எழுந்துபோய்த் தஞ்சாவூருக்குப் போன் பேசினாள். ஆய்வை நடத்துகிற பேராசிரியர் ரெங்கசாமியிடம் அந்தப் பெண் கேட்டதை அப்படியே சொன்னாள். இந்த ஆய்வில் சேர்க்க முடியாது என்றார் அவர். ஆனால் அப்பா அம்மா சம்மதித்தால் அந்தப் பிள்ளைகளும் வந்து செய்யட்டும், அதைத் தனியாக வைத்துக்கொள்ளலாம், கேட்ட கேள்வி நியாயமானதுதான் என்றார்.

செந்தாமரை சம்மதித்ததற்குக் காரணம் மகிழினிதான். மத்தியானச் சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீடு திரும்பியிருந்தது.

அடுத்த நாள் சனிக்கிழமை. இராஜாங்கம் சாக்கு வாங்க ஆடுதுறைக்குப் போயிருந்தான். செந்தாமரை ரோட்டில் நெல்லோடு இருந்தாள். மதியத்துக்கு மேல் இரண்டு பெண்களும் நூலகத்துக்குப் போனார்கள். மகிழினி முன்னால், சுடர்விழி பத்தடி பின்னால். டியூஷனுக்கு அப்படியே போகலாம் என்று சுடர்விழி தோளில் புத்தகப் பை.

மேசையில் கட்டைகளும் ஒரு வீட்டுப் படமும் இருந்தன. இருவரும் சேர்ந்து அந்த வீட்டைக் கட்ட வேண்டும். குந்தவை சொல்லிக்கொடுத்துவிட்டு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஃபஹத் கேமராவை ஓடவிட்டான்.

மகிழினி கட்டைகளைக் கலர் கலராகப் பிரித்தாள். சுடர்விழி கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள்.

"அக்கா, வாசல் இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

மகிழினி தானே ஒரு பக்கம் வைத்தாள். சுவர் சாய்ந்தது. மறுபடி வைத்தாள், மறுபடி சாய்ந்தது.

"பெருசு அடியில வைக்கணும். இதுகூடத் தெரியாதா?" என்று சுடர்விழி அவள் கையிலிருந்த கட்டையைப் பிடுங்கினாள். வேகமாகக் கட்ட ஆரம்பித்தாள். மகிழினி தொடவந்தபோது கையைத் தட்டிவிட்டாள். மகிழினி மிச்சக் கட்டைகளை அவள் பக்கம் நகர்த்திவைத்தாள். அப்புறம் சாதாரணமாகச் சொன்னாள்:

"நான் தீவாளிக்கு அப்புறம் இருக்க மாட்டேன்க்கா. நீங்க தனியாவே ரூம்ல படுத்துக்கலாம்."

சுடர்விழியின் கை நின்றது. "எங்க போற?"

"தரங்கம்பாடி. பெரியம்மா வீட்டுக்கு. அங்கதான் பள்ளியோடம். அம்மா போன்ல பேசுனாங்க."

"லீவுக்கா?"

"இல்ல. எப்பவுமே." மகிழினி ஒரு சிவப்புக் கட்டையை மேசையில் உருட்டினாள். "அங்க கடல் இருக்கு. கோட்டை இருக்கு. தெனமும் மீனு. நல்லாத்தான் இருக்கும்." சொல்லிக்கொண்டே இருந்தவளுக்குக் கடைசியில் உதடு கோணியது. தலையைக் குனிந்துகொண்டு கட்டையை இன்னும் வேகமாக உருட்டினாள்.

"ஒங்கம்மா அங்க வர மாட்டாங்களா?"

மகிழினி தலையை ஆட்டினாள், இல்லை என்று.

சுடர்விழி கட்டிய பாதி வீட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்துபோய் நிறுத்திவிடலாமா என்று குந்தவை நினைத்தாள். அதற்குள் ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் சட்டென்று குறைந்தது. தூரத்தில் இடி உருண்டது. ரோட்டிலிருந்து யாரோ, "ஏ, மழ வருது, அள்ளு அள்ளு!" என்று கத்துவது கேட்டது.

"நெல்லு!" என்றாள் சுடர்விழி. இருவரும் ஒரே நேரத்தில் எழுந்ததில் மேசை ஆடிக் கட்டை வீடு விழுந்தது. யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ரோட்டில் புழுதியோடு காற்று சுழன்றது. செந்தாமரை ஒண்டி ஆளாகப் பலகையால் நெல்லைத் தள்ளிக் கூட்டிக்கொண்டிருந்தாள். அவ்வளவு நீளத்துக்குப் பரப்பிய நெல்லைக் குவிப்பதற்கு ஒரு ஆள் போதாது. தங்கமணி தன் நெல்லோடு மல்லுக்கு நின்றாள். சுடர்விழி பையை ஓரத்தில் எறிந்துவிட்டு இன்னொரு பலகையை எடுத்தாள். மகிழினிக்குப் பலகை இல்லை; இரண்டு கைகளாலும் நெல்லை வாரி வாரிக் குவியலில் போட்டாள். முதல் துளிகள் பெரிது பெரிதாக விழுந்தன. தாரில் விழுந்த ஒவ்வொன்றிலும் ஆவி கிளம்பியது.

"படுதா! படுதாவ எடு!" என்று செந்தாமரை கத்தினாள்.

காற்று படுதாவைப் பாய்மரம் மாதிரி உப்பவைத்தது. ஒரு முனையைச் சுடர்விழி பிடித்தாள், ஒரு முனையைச் செந்தாமரை. குந்தவை ஓடிவந்து மூன்றாவதைப் பிடித்தாள். நாலாவது முனை படபடவென்று அடித்துக்கொண்டு ஆகாயத்துக்குப் போனது.

"மகிழி! அந்தப் பக்கம் புடி! மகிழி! ஏறி உக்காரு அது மேல!"

கத்தியது சுடர்விழி. மகிழினி பாய்ந்து முனையைப் பிடித்து இழுத்து, அதன் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஃபஹத் கேமராவை நூலகத்துக்குள் வைத்துப் பூட்டிவிட்டுச் செங்கல் தூக்கிக்கொண்டு வந்தான். செங்கல்லை முனைக்கு ஒன்றாக வைத்து முடிப்பதற்குள் மழை ஒரே அடியாக இறங்கிவிட்டது. நெல் உள்ளே இருந்தது. ஓரத்தில் கொஞ்சம் நனைந்திருக்கும், மற்றது தப்பித்தது. குந்தவையும் ஃபஹத்தும் தங்கமணிக்கு உதவ ஓடினார்கள்.

செந்தாமரை படுதாவை ஒட்டி மூச்சு வாங்க நின்றாள். மழை தலையில் கொட்டியது. சுடர்விழி அவளுக்கு எதிரே வந்து நின்றாள்.

"அத ஏன் தரங்கம்பாடிக்கு அனுப்புறீங்க?"

செந்தாமரை திடுக்கிட்டாள். "யாரு சொன்னா?"

"யாரோ சொன்னாங்க. ஏன் அனுப்புறீங்க? நான் தள்ளிவுட்டதுக்கா?"

"அதுக்கில்லம்மா..."

"அதுக்குத்தான். எங்கம்மா சேலய அது கேக்காம எடுத்துச்சு. அதுனால தள்ளுனேன். ரெத்தம் வரும்னு தெரியாது." அவள் குரல் மழைக்கு மேல் எழும்பியது. "நான் பண்ணது தப்புன்னா என்ன அடிச்சிருக்கணும். நீங்க ஒரு வார்த்த கேக்கல. சேலயத் தொவச்சு மடிச்சு வச்சுட்டுப் போயிட்டீங்க. இப்ப அத ஊர வுட்டே அனுப்புறீங்க."

"ஒன்ன எப்புடிம்மா நான் அடிப்பேன்?" என்றாள் செந்தாமரை. "ஊரு என்னா சொல்லும்? மூத்தா பொண்ணப் போட்டு அடிக்கிறா பாருன்னு சொல்லாதா? நீதான் என்னா நெனப்ப? நான் இந்த வீட்டுக்குள்ள வந்ததுலேர்ந்து ஒன் மொகத்தப் பாத்துப் பாத்துதான் கால எடுத்து வைக்கிறேன்."

"அதுதான் எனக்குப் புடிக்கல!"

"எது?"

"அத மட்டும் திட்டுறீங்க. 'குளிடி, தின்னுடி, படிடி'ங்கறீங்க. என்ன ஒண்ணும் சொல்றதே இல்ல. நான் சாப்புடலன்னாலும் தட்ட மூடி வச்சுட்டுப் போயிடறீங்க. விருந்தாளிக்கு வைக்கற மாரி." சுடர்விழி முகத்தைத் துடைத்தாள், மழையில் அது பிரயோஜனப்படவில்லை. "எங்கம்மா இருந்தப்ப தெனமும் திட்டு வாங்குவேன் தெரியுமா? கரண்டியாலகூட அடிச்சிருக்காங்க."

ஒரு வருஷமாக எதைத் தன்னுடைய பொறுமை என்று நினைத்துக்கொண்டிருந்தாளோ, அது இந்தப் பிள்ளைக்கு என்னவாகப் பட்டிருக்கிறது என்று செந்தாமரைக்கு இப்போதுதான் தெரிந்தது. கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் ரோட்டோரத்தைப் பார்த்தவள், அங்கே தேங்கி ஓடுகிற தண்ணீரில் சுடர்விழியின் புத்தகப் பை குப்புறக் கிடப்பதைப் பார்த்தாள்.

"அடிப் பாவி மவளே! பைய எங்கடி போட்டு வச்சிருக்க? அவ்ளோ பொஸ்தவமும் ஊறிக் கெடக்குது, இங்க நின்னு வாயடிச்சிட்டு நிக்கிற! நாளக்கி எதப் படிப்ப? ஓடுடி, போயி எடு!"

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொள்ளப் போனாள். சுடர்விழி அவளையே பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்த இடத்தில் வேறு என்னவோ வந்து நின்றது.

"போறேன், போறேன். எதுக்கு இந்தக் கத்து கத்துறீங்க?" என்றாள். தண்ணீரை இறைத்துக்கொண்டு ஓடினாள்.

படுதா முனையில் உட்கார்ந்திருந்த மகிழினி, "நான் எறங்கலாமா?" என்று கேட்டாள். "இருடி அங்கயே!" என்று பையைத் தூக்கிக்கொண்டே சுடர்விழி திரும்பிக் கத்தினாள்.

இராஜாங்கம் சாக்குக் கட்டோடு நனைந்துபோய் வீட்டுக்கு வந்தபோது, அடுப்பைச் சுற்றிப் புத்தகங்கள் விரித்துக் கிடந்தன. செந்தாமரை கருவாட்டைத் தணலில் சுட்டுக்கொண்டிருந்தாள். மிளகு ரசம் கொதித்தது. ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு இரண்டு பெண்களும் அடுப்பங்கரைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி ஒரு கோடி, ஒருத்தி மறுகோடி. ஆனால் சுடர்விழி கொல்லைப் படிக்குப் போகவில்லை.

"நெல்லு என்னாச்சு?" என்றான்.

"மூடிட்டோம்" என்றாள் சுடர்விழி. "மகிழிதான் படுதா மேல உக்காந்துச்சு. இல்லன்னா பறந்துருக்கும்." கொஞ்சம் பொறுத்து, ரசத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அத அனுப்ப வேணாம்னு சொல்லுங்கப்பா."

இராஜாங்கம் செந்தாமரையைப் பார்த்தான். அவள் தணலைக் கிளறினாள். புகை என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

மறுநாள் காலையில் பூவம்மாளுக்குப் போன் போனது. பூவம்மாள் முதலில் கோபித்துக்கொண்டாள். அவள் மகிழினிக்கென்று கட்டில்கூடப் பார்த்து வைத்திருந்தாள். "ஆசை காட்டி மோசம் பண்றியேடி" என்றாள். பெரிய லீவுக்கு இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று செந்தாமரை சொன்னாள். "ரெண்டு பேரையுமா?" என்று கேட்டாள் பூவம்மாள். "சரி, கட்டில் பெருசுதான். வாங்க" என்றாள்.

அந்த வாரமே வேன் ஊரை விட்டுப் போனது. போவதற்கு முன் குந்தவை வீட்டுக்கு வந்து, நூலகத்தில் எடுத்த படத்தை அழித்துவிடட்டுமா என்று எல்லோரையும் வைத்துக்கொண்டு கேட்டாள். செந்தாமரை சுடர்விழியைப் பார்த்தாள். "இருக்கட்டும். ஆனா அதுல நான்தான் கட்டுனேன், அது ஒண்ணும் கட்டல. அதயும் சேத்து எழுதிக்கங்க" என்றாள் சுடர்விழி.

எல்லாம் அன்றைக்கே மாறிவிடவில்லை. சம்பா நடவு முடிகிற வரைக்கும் சுடர்விழி செந்தாமரையை எந்த முறை வைத்தும் கூப்பிடவில்லை. தீபாவளிக்கு ஒரே மாதிரித் துணி எடுத்ததற்கு இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாள். கார்த்திகை அடைமழையில் மகிழினிக்குக் காய்ச்சல் வந்தபோது, "சித்தி, இது அனத்துது, வந்து பாருங்க" என்று அறையிலிருந்து கூப்பிட்டாள். செந்தாமரை ஓடினாள். அவள் ஓடியது காய்ச்சலுக்காக மட்டும் என்று சொல்ல முடியாது. திட்டு மட்டும் தாராளமாகப் புழங்கியது. தலை சீவாததற்கு, விளக்கை அணைக்காததற்கு, கணக்கில் மார்க் குறைந்ததற்கு. சுடர்விழி எதற்கும் பதில் பேசாமல் விட்டதில்லை. தங்கமணியே ஒரு நாள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "என்னா தாமரை, எங்க வீட்டத் தோக்கடிச்சுருவ போலருக்கே" என்றாள்.

தை பிறந்து சம்பா அறுப்பு ஆரம்பித்த வாரத்தில் குந்தவை தனியாக பஸ்ஸில் வந்து இறங்கினாள். அவளிடம் ஒரு சந்தோஷமான சேதி இருந்தது. பேராசிரியர் அடுத்த கட்ட ஆய்வுக்கு விதியை மாற்றியிருந்தார். கூடப்பிறந்தவர்கள் மட்டுமில்லை, ஒரே வீட்டில் சேர்ந்து வளர்கிற பிள்ளைகள் எல்லோரும் வரலாம். அந்தப் பட்டியலில் முதல் வீடாக இவர்களுடையதைச் சேர்க்க வேண்டும் என்று நேரில் சொல்லத்தான் வந்திருந்தாள்.

வாசலில் சைக்கிள் நின்றது. அதன் ஹேண்டிலில் டீத் தூக்கை யார் மாட்டுவது என்று இரண்டு பேருக்கும் இழுபறி. அறுப்பு மெஷின் வயலில் இறங்கியிருந்தது. ஆட்களுக்கு டீ போக வேண்டும்.

குந்தவை சேதியைச் சொன்னாள். "இப்ப உங்களையும் சேர்த்துக்கலாம் சுடர். எப்ப வெச்சுக்கலாம்? இன்னைக்கு மத்தியானம் வரீங்களா ரெண்டு பேரும்?"

"இன்னைக்கா?" சுடர்விழி தூக்கை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். "இன்னைக்கு எங்கக்கா முடியும்? மெசினு வந்து நிக்குது. அப்பா ஒத்த ஆளா நிக்கிறாங்க. நாளைக்கு வைக்கோலு சுருட்டணும். அப்புறம் பரீச்ச."

"அறுப்பு முடிஞ்சதும்?"

"முடிஞ்சதும் பாக்கலாம். இவ ஒழுங்கா இருந்தா வரேன்."

"நீதான் ஒழுங்கா இருக்க மாட்ட" என்றாள் மகிழினி.

"ஏறுடி மொதல்ல. டீ ஆறிப்போவுது."

மகிழினி பின்னால் தாவி உட்கார்ந்தாள். வீட்டுக்குள்ளிருந்து செந்தாமரை, "மெதுவாப் போங்கடி, போன தடவ பாதி டீய ரோட்ல ஊத்துனீங்க!" என்று கத்தினாள். "ஊத்துனது இவ!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் காட்டிச் சொன்னார்கள். சைக்கிள் கொஞ்சம் தள்ளாடி, நிமிர்ந்து, ஆற்றங்கரைப் பக்கம் போனது.